‘அப்டேட் ஆனதிலிருந்து…’: உலாவிக் கோளாறுகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

உலாவியின் புதிய பதிப்பு வந்து இறங்கும் ஒவ்வொரு முறையும், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தீர்ப்புகள் ஒரே நாளில் காதில் விழுகின்றன. கீழக்கரையில் மடிக்கணினியில் பாடம் படிக்கும் மாணவி, பக்கங்கள் முன்னைவிட விரைவாகத் திறக்கின்றன, திரையில் இடமும் கூடியிருக்கிறது என்று மகிழ்கிறார். அதே தெருவில் இ-சேவை மையம் நடத்துபவரோ, விரல் ரேகைக் கருவி வேலை செய்யவில்லை, இறக்கிய சான்றிதழ் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, பழைய பதிப்பையே திரும்பப் போட்டுத் தாருங்கள் என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். இருவரும் கணினியை வைத்துச் செய்கிற வேலை வேறு என்பதால், ஒரே புதுப்பிப்பு ஒருவருக்கு வசதியாகவும் மற்றவருக்கு இடைஞ்சலாகவும் அமைந்துவிடுகிறது.

‘அப்டேட் கெடுத்துவிட்டது’ என்று வருகிற புகார்களைப் பிரித்துப் பார்த்தால் அவை மூன்று வகைக்குள் அடங்கும். தோற்றம் மாறியதால் பழகிய பொத்தான் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போவது முதல் வகை. உலாவியை உருவாக்குபவர்கள் தெரிந்தே ஒரு வசதியை நீக்கியிருப்பது அல்லது ஒரு கட்டுப்பாட்டைப் புதிதாக விதித்திருப்பது இரண்டாம் வகை. உண்மையாகவே ஏதோ ஒன்று பழுதாகியிருப்பது மூன்றாம் வகை. முதல் வகைக்கு அமைப்புகளில் ஒரு மாற்றம் போதும். இரண்டாம் வகைக்கு மாற்று ஏற்பாடு தேட வேண்டும். மூன்றாம் வகைக்குத்தான் பழுதுபார்ப்பு தேவைப்படுகிறது. ஆனால் நம் பக்கத்தில் மூன்றுக்கும் ஒரே வைத்தியமாக உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். முதல் இரண்டு வகைகளில் அதனால் எந்தப் பயனும் கிடைப்பதில்லை. நீக்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ கொடுத்துவிட்டால், சேமித்து வைத்திருந்த புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் சேர்ந்தே போய்விடுகின்றன.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் பட்டியலைத் திறந்து, உதவிப் பகுதியில் உலாவியைப் பற்றிய பக்கத்துக்குச் சென்றால் அந்த எண் தெரியும். புதுப்பிப்பு பாதியில் நிற்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். குரோமில் மேல் வலப்பக்க மூலையில் புதுப்பிப்பு அறிவிப்பு நிறம் மாறி நின்றால், கோப்புகள் இறங்கிவிட்டன, மறுதொடக்கம் மட்டும் நடக்கவில்லை என்று பொருள். பச்சை என்றால் இரண்டு நாளுக்கு உட்பட்டது, ஆரஞ்சு என்றால் சுமார் நான்கு நாளானது, சிவப்பு என்றால் ஒரு வாரமேனும் கடந்தது. நாள் முழுவதும் உலாவியை மூடாமலே வேலை பார்க்கும் மையங்களில் இந்தச் சிவப்பு அறிவிப்பு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. பாதிப் புதுப்பிப்பில் இருக்கும் உலாவி காட்டுகிற கோளாறுகளில் ஒரு பகுதி, உலாவியை முழுமையாக மூடித் திறப்பதிலேயே சரியாகிவிடும். மூடுவதற்கு முன் திறந்திருந்த பக்கங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மறுபடி திறந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பழைய தாவல்கள் (டேப்கள்) திரும்பி வரும்.

ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கணினிகளில் ஒரே பதிப்பு எண் இருந்தும் தோற்றம் வேறாக இருப்பது பலரைக் குழப்புகிறது. புதிய வசதிகளை எல்லாருக்கும் ஒரே நாளில் திறந்துவிடாமல், பயனர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் காட்டிப் பார்த்து, பிறகு படிப்படியாகப் பரப்புவது உலாவி நிறுவனங்களின் வழக்கம். ஆகவே பக்கத்துக் கடையில் இல்லாத மாற்றம் உங்கள் கணினியில் மட்டும் தெரிவது வைரஸின் வேலை என்று முடிவு கட்டிவிடத் தேவையில்லை.

இறக்கிய கோப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை

இது முதல் வகை. குரோமில் இறக்கப்படும் கோப்புகள் பல ஆண்டுகளாகத் திரையின் அடியில் ஒரு பட்டையாக வரிசை கட்டி நின்றன. 2023ஆம் ஆண்டில் அந்தப் பட்டை எடுக்கப்பட்டு, முகவரிப் பட்டைக்கு வலப்பக்கத்தில் ஒரு சிறிய அம்புக்குறியாக மாற்றப்பட்டது. வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நல்ல மாற்றம். சிறிய திரையுள்ள மடிக்கணினியில் ஒரு வரி இடம் கூடினாலும் வாசிப்புக்கு உதவும். ஆனால் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழுமாக ஒருவர் பின் ஒருவராக அச்செடுத்துக் கொடுக்கும் மையத்தில், அடியில் வரிசையாக நின்ற கோப்புகளே யாருடையது முடிந்தது, யாருடையது பாக்கி என்பதைக் காட்டும் கணக்குப் புத்தகமாக இருந்தன. அந்த இழப்பை அற்பமான முணுமுணுப்பு என்று ஒதுக்குவது நியாயமாகாது.

பழைய பட்டையைத் திரும்பக் கொண்டுவரும் வழி இப்போது குரோமில் இல்லை. அதற்கு ஈடாகச் சிலவற்றைச் செய்துகொள்ளலாம். கன்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தினால் பதிவிறக்கங்களின் முழுப் பட்டியலும் தனித் தாவலில் திறக்கும். அதைக் காலையிலேயே திறந்து, வலச்சொடுக்கி ‘பின்’ செய்து வைத்துக்கொண்டால் பழைய பட்டையைவிடத் தெளிவான பட்டியலே கிடைக்கும். அடுத்து, அமைப்புகளில் பதிவிறக்கங்கள் பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பது என்று முன்கூட்டியே கேட்கும்படி மாற்றுங்கள். அப்போது விண்ணப்பதாரரின் பெயரையே கோப்புக்குப் பெயராக இட்டு, அந்தத் தேதிக்குரிய கோப்புறையில் போட முடியும். ஃபயர்பாக்ஸிலும் இதே குழப்பம் 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. முன்பு ‘திறக்கவா, சேமிக்கவா’ என்று கேட்ட உலாவி, அதற்குப் பிறகு கேட்காமலே இறக்கத் தொடங்கியது. அங்கும் பொது அமைப்புகளில் கோப்புகள் பகுதியில் கேள்வியைத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

பொதுக் கணினியில் இந்தப் பட்டியல் அடுத்து உட்காருபவர் கண்ணிலும் படும் என்பதை மறக்க வேண்டாம். ஆதார் நகலும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் பக்கமும் இறங்கிக் கிடக்கும் கோப்புறையை அன்றன்று மாலை காலி செய்வது, எந்தப் பதிப்பாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை.

தாவல்கள் தடித்துவிட்டன, பொத்தான்கள் இடம் மாறிவிட்டன

இதுவும் முதல் வகை. நீண்ட விளக்கம் தேவையில்லை. ஃபயர்பாக்ஸ் 2021 ஜூன் 1 அன்று வெளிவந்த 89ஆம் பதிப்பிலும், குரோம் தன் 15ஆம் ஆண்டையொட்டி 2023இலும் முகத்தை மாற்றிக்கொண்டன. ஃபயர்பாக்ஸில் கருவிப்பட்டையை வலச்சொடுக்கினால் அதைத் தனிப்பயனாக்கும் பக்கம் வரும். வேண்டிய பொத்தானை இழுத்துப் பழைய இடத்திலேயே வைக்கலாம். குரோமில் எழுத்தும் பக்கமும் பெரிதாகத் தெரிந்தால், உலாவியைக் குறை சொல்லும் முன் கன்ட்ரோல் விசையுடன் பூஜ்யத்தை அழுத்திப் பாருங்கள். சுட்டியின் சக்கரம் தெரியாமல் சுழன்று பக்கம் பெரிதாகியிருப்பதையும் பலர் புதுப்பிப்பின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

விளம்பரத் தடுப்பான் அணைந்துவிட்டது

இது இரண்டாம் வகை. பழுது எதுவும் இல்லை. இது ஒரு முடிவு. உலாவியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்களான நீட்டிப்புகள் (எக்ஸ்டென்ஷன்கள்) உலாவிக்குள் எப்படி இயங்கலாம் என்ற விதிமுறையின் மூன்றாம் பதிப்பைக் கட்டாயமாக்கிய கூகுள், இரண்டாம் பதிப்பின்படி எழுதப்பட்ட நீட்டிப்புகளை 2024இல் தொடங்கி 2025க்குள் குரோமில் படிப்படியாகச் செயலிழக்க வைத்தது. யுபிளாக் ஆரிஜின் என்ற புகழ்பெற்ற விளம்பரத் தடுப்பான் அவற்றுள் ஒன்று. பழைய விதிமுறையில் பக்கம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்டிப்பே இடைமறித்துப் பார்த்துத் தடுக்க முடிந்தது. புதிய விதிமுறையில் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை நீட்டிப்பு முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையை உலாவி பார்த்துக்கொள்ளும். தனியுரிமைக்கும் வேகத்துக்கும் இது நல்லது என்பது கூகுளின் வாதம். விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். எனக்கு இரண்டாவது வாதமே கனமாகத் தோன்றுகிறது. அளந்து செலவழிக்க வேண்டிய மொபைல் தரவில் ஓடும் கணினிக்கு விளம்பரம் என்பது எரிச்சலோடு பணச் செலவும்தான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குரோமிலேயே தொடர விரும்பினால், புதிய விதிமுறைக்கேற்ப அதே ஆசிரியர் உருவாக்கிய யுபிளாக் ஆரிஜின் லைட்டை அதிகாரபூர்வக் கடையிலிருந்து நிறுவுங்கள். வழக்கமான விளம்பரங்களுக்கு அது போதும், ஆனால் நீங்களே எழுதிச் சேர்த்த நுணுக்கமான விதிகளுக்கு அதில் பழைய அளவுக்கு இடமில்லை. முழு வசதியும் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸுக்கு மாறுங்கள். அங்கே பழைய முறையிலான தடுப்பும் தொடர்ந்து அனுமதிக்கப்படுகிறது. எந்த வழியானாலும் அறிமுகமில்லாத தளத்தில் கிடைக்கும் ‘குரோமுக்கான பழைய தடுப்பான்’ கோப்புகளை நிறுவாதீர்கள். நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் வாசிக்கும் அனுமதியை அந்நியர் ஒருவருக்குக் கொடுப்பதற்கு அது சமம்.

விரல் ரேகைக் கருவியையோ கையொப்ப டோக்கனையோ தளம் கண்டுகொள்ளவில்லை

கடற்கரை ஊர்களின் இ-சேவை மையங்களையும் கணக்கர் அலுவலகங்களையும் அதிகம் அலைக்கழிப்பது இந்த அறிகுறிதான். காரணம் வெளியே தெரியாத இடத்தில் இருப்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஆதார் வழிச் சரிபார்ப்புக்கான விரல் ரேகைக் கருவியை உலாவி நேரடியாகத் தொடுவதில்லை. கருவியோடு வரும் ஆர்டி சேவை என்ற மென்பொருள் அதே கணினிக்குள் பின்னணியில் இயங்கிக்கொண்டு, 11100 முதல் 11120 வரையிலான வாயில் (போர்ட்) எண்களில் ஒன்றில் காத்திருக்கிறது. இணையதளம், உலாவி வழியாக அந்த வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பதில் வருகிற இடத்தில் ரேகையைக் கேட்டுப் பெறுகிறது. வரித் தாக்கலுக்கும் ஒப்பந்தப்புள்ளிகளுக்கும் பயன்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களுக்கான மென்பொருள்களும் ஏறத்தாழ இதே முறையில்தான் வேலை செய்கின்றன. 2015 வரை ஜாவா செருகுநிரல் (பிளக்-இன்) வழியாகக் கையொப்பமிட்டவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு செப்டம்பரில் குரோம் 45ஆம் பதிப்போடு அவ்வகைச் செருகுநிரல்களுக்கு முழுமையாகக் கதவடைத்தது, 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. அதன் பிறகு பரவலானதே இந்தப் பின்னணி மென்பொருள் ஏற்பாடு.

இதே ஏற்பாட்டைத் தீய நோக்கமுள்ள தளங்களும் பயன்படுத்தி, பயனரின் கணினிக்குள்ளும் வீட்டு ரௌட்டருக்குள்ளும் துழாவ முடியும் என்பதால், 2025 அக்டோபர் இறுதியில் வந்த குரோம் 142ஆம் பதிப்பு ஒரு புதிய கேள்வியை நடுவில் வைத்தது: இந்தத் தளம் உங்கள் உள்ளூர் வலையமைப்பில் உள்ள சாதனங்களைத் தொடர்புகொள்ள அனுமதிக்கலாமா? வரிசையில் ஆட்கள் நிற்கும்போது திடீரென்று எழும் இப்படிப்பட்ட கேள்விக்குப் பெரும்பாலோர் ‘தடு’ என்றே கொடுத்துவிடுகிறார்கள். எச்சரிக்கை உணர்வு நல்லதுதான் என்றாலும், அந்த ஒரு சொடுக்கு நினைவில் வைக்கப்பட்டு, அடுத்து வருகிற எல்லாருக்கும் ‘கருவி இணைக்கப்படவில்லை’ என்ற செய்தியாக வந்து நிற்கிறது.

சரிசெய்யும் முறை இது. கோளாறு காட்டும் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கத்தில் இருக்கும் சிறிய சின்னத்தைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கான அமைப்புகளுக்குச் செல்லுங்கள். அங்கே உள்ளூர் வலையமைப்பு என்ற வரியில் ‘தடு’ என்று இருந்தால் ‘அனுமதி’ என்று மாற்றிப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முகவரி எழுத்துக்கு எழுத்து சரியான அரசுத் தளத்தின் முகவரிதானா என்று பார்த்த பிறகே இந்த அனுமதியைக் கொடுக்க வேண்டும். அனுமதி இருந்தும் கருவி தெரியாவிட்டால் உலாவியை விட்டுவிட்டு விண்டோஸின் சேவைகள் பட்டியலைத் திறந்து, கருவிக்குரிய ஆர்டி சேவை ஓடுகிறதா என்று பார்த்து, நின்றிருந்தால் இயக்குங்கள். ஓடிக்கொண்டிருந்தாலும் ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். வேறொரு உலாவியில் அதே தளம், அதே கருவி வேலை செய்தால் கோளாறு உலாவியின் அனுமதியில் இருக்கிறது. எதிலும் வேலை செய்யாவிட்டால் கருவியிலோ அதன் மென்பொருளிலோ கம்பியிலோ இருக்கிறது. உப்புக்காற்று நேராக வீசும் பாம்பன், மண்டபம் போன்ற இடங்களில் யுஎஸ்பி முனையின் உலோகம் களிம்பேறி, இணைப்பு விட்டு விட்டு வருவது இயல்பு. வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பார்க்காமல் உலாவியை மாற்றிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

சான்றிதழ் அச்சுக்கான தனிச் சாளரம் திறக்கவே இல்லை என்றால், அது பெரும்பாலும் திடீர்ச் சாளரத் தடுப்பின் வேலை. முகவரிப் பட்டையின் வலக்கோடியில் தோன்றும் சின்னத்தைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை

ஒரே ஒரு தளத்தில் இந்த எச்சரிக்கை வந்தால் குறை அந்தத் தளத்தினுடையதாக இருக்கலாம். வங்கி, அஞ்சல், செய்தி என்று எல்லாவற்றிலும் வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி இன்னும் 2015இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், எல்லாச் சான்றிதழ்களும் அதற்கு எதிர்காலத்தைச் சேர்ந்தவையாகத் தெரியும். பழைய மேசைக்கணினிகளின் தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற நாணய அளவு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி ஓடிவிடும். தேதியைச் சரிசெய்து, அடுத்த முறையும் மாறினால் பேட்டரியை மாற்றுங்கள். எச்சரிக்கையை மீறி ‘தொடர்க’ கொடுத்து வங்கித் தளத்துக்குள் நுழைவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

காற்று வரைபடம் வெறுமையாகத் தெரிகிறது, திரை மினுங்குகிறது

கடலுக்குப் போகும் முன் காற்றின் திசையையும் அலையின் உயரத்தையும் திரையில் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இராமேசுவரத்திலும் தங்கச்சிமடத்திலும் இளைய மீனவர்களிடம் வேரூன்றிவிட்டது. ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் நிலை முன்னறிவிப்பையும் மீன்கள் திரளக்கூடிய பகுதிகளைப் பற்றிய தகவலையும் இணையத்தில் வெளியிடுகிறது. காற்றோட்டத்தை அசையும் கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத் தளங்களும் இருக்கின்றன. இந்த அசையும் வரைபடங்கள் வெப்ஜிஎல் என்ற நுட்பத்தின் வழியாகக் கணினியின் வரைகலைச் சில்லைப் பயன்படுத்துகின்றன. புதிய உலாவிக்கும், வரைகலைச் சில்லை இயக்கும் பழைய மென்பொருளான இயக்கிக்கும் (டிரைவர்) ஒத்துப்போகாதபோது திரை மினுங்குவது, பக்கத்தின் ஒரு பகுதி கறுப்பாவது, எழுத்துகள் சிதறுவது ஆகியவை நேரும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் தீர்வு, வரைகலைச் சில்லை உலாவி பயன்படுத்தும் வசதியான வரைகலை முடுக்கத்தை அணைப்பது. குரோமில் அமைப்புகளின் சிஸ்டம் பகுதியிலும், ஃபயர்பாக்ஸில் பொது அமைப்புகளின் செயல்திறன் பகுதியிலும் அதற்கான விசை இருக்கிறது. அணைத்துவிட்டு உலாவியை மறுதொடக்கம் செய்தால் மினுங்கல் நின்றுவிடும். ஆனால் அதே விசைதான் காற்று வரைபடத்தையும் முடக்கிவிடவோ நத்தை வேகத்துக்குத் தள்ளிவிடவோ செய்கிறது. ஆகவே வரிசையை மாற்றிச் செய்வது நல்லது: முதலில் கணினி அல்லது வரைகலைச் சில்லு நிறுவனத்தின் தளத்திலிருந்து இயக்கியைப் புதுப்பியுங்கள், பிறகும் மினுங்கல் தொடர்ந்தால் மட்டும் முடுக்கத்தை அணையுங்கள், வரைபடத்துக்கு வேறொரு உலாவியை, முடுக்கம் இயங்கும் நிலையில், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் வேறொரு குறை வருகிறது. கரையில் இருக்கும்போது திறந்து வைத்த முன்னறிவிப்புப் பக்கத்தைக் கடலில் மறுபடி பார்க்கத் திரும்பினால், பக்கம் தானாக மீண்டும் ஏற முயன்று, அலைவரிசை இல்லாததால் வெறுமையாகிவிடுகிறது. நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பார்க்காத பக்கங்கள் இறக்கி வைக்கப்படுவதே இதற்குக் காரணம். குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் இருக்கும் பதிவிறக்கச் சின்னத்தைத் தொட்டு அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் திறக்கலாம். அசையும் வரைபடம் அப்படிச் சேமிக்கப்படாது என்பதால் அதற்குத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைப்பதே வழி. சேமித்த பக்கத்தில் முன்னறிவிப்பின் தேதியும் நேரமும் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்வது மிக அவசியம். தனுஷ்கோடிப் பக்கம் செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே கைப்பேசி சில நேரங்களில் இலங்கைக் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும், பக்கம் திறக்காமல் போனால் உலாவியைக் கடிந்துகொள்ளும் முன், திரையில் எந்த நிறுவனத்தின் பெயர் தெரிகிறது என்று பாருங்கள்.

புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் மறைந்துவிட்டன

பதறாதீர்கள். பெரும்பாலான நேரங்களில் அவை அழியவில்லை. ஒருவருடைய புக்மார்க்குகளையும் கடவுச்சொற்களையும் தனியாக வைத்திருக்கும் தொகுப்பு சுயவிவரம் (புரொஃபைல்); உலாவி வேறொரு சுயவிவரத்தில் திறந்திருக்கிறது. 2019 மே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 67ஆம் பதிப்பு முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிச் சுயவிவரம் என்ற ஏற்பாடு வந்ததால், வேறு இடத்தில் புதிதாக நிறுவப்பட்ட ஃபயர்பாக்ஸ் வெறுமையான முகத்தோடு திறக்கும். உதவிப் பட்டியலில் சிக்கல் தீர்ப்புத் தகவல் பக்கத்தைத் திறந்து, அதில் சுயவிவரங்கள் என்ற இணைப்பைச் சொடுக்கினால் இருக்கிற எல்லாச் சுயவிவரங்களும் தெரியும். பழையதைத் தேர்ந்து திறந்து பாருங்கள். புக்மார்க் மட்டும் குலைந்திருந்தால், புக்மார்க் நிர்வாகச் சாளரத்தில் மீட்டெடுக்கும் பகுதிக்குச் சென்று, ஃபயர்பாக்ஸ் தானாகவே தேதி வாரியாக எடுத்து வைத்திருக்கும் காப்புகளில் ஒன்றைத் திருப்பலாம்.

குரோமில் மேல் வலப்பக்க வட்டப் படத்தைச் சொடுக்கி வேறு சுயவிவரம் இருக்கிறதா, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மையத்துக்கு வந்தவர் தம் மின்னஞ்சலைத் திறந்தபோது அவருடைய கணக்கே உலாவியின் கணக்காக மாறியிருப்பதும் அடிக்கடி நடக்கிற ஒன்று. பொதுக் கணினியில் விருந்தினர் சாளரத்தைத் திறந்து கொடுப்பதே இதற்கு நிலையான மருந்து.

வேகம் குறைந்துவிட்டது, அடிக்கடி உறைகிறது

புதிய பதிப்பைக் குற்றம் சாட்டும் முன் நீட்டிப்புகளை விலக்கிப் பாருங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஃபயர்பாக்ஸைத் திறந்தால் நீட்டிப்புகள் இல்லாத சிக்கல் தீர்க்கும் நிலை வரும். குரோமில் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரம், அங்கே தனியாக அனுமதி பெறாத எல்லா நீட்டிப்புகளையும் ஒதுக்கிவிடும். அங்கே வேகம் திரும்பினால், வழக்கமான சாளரத்தில் நீட்டிப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம். குரோமில் ஷிஃப்ட் விசையுடன் எஸ்கேப் விசையை அழுத்தினால் எந்தத் தாவல் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்ற பட்டியல் வரும்.

குரோமின் நினைவகச் சேமிப்பு வசதி குறைந்த நினைவகமுள்ள கணினிகளுக்கு உண்மையிலேயே பயன் தருகிறது. அதே வசதியால், பாதியில் விட்டுவிட்டு வந்த அரசுத் தளத்துக்குத் திரும்பும்போது பக்கம் மறுபடி ஏறி, மீண்டும் உள்நுழையச் சொல்லக்கூடும். செயல்திறன் அமைப்பில் எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியல் இருக்கிறது. தினமும் பயன்படுத்தும் தளங்களின் முகவரியை அதில் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இத்தனைக்கும் பிறகும் உறைந்தால், கடைசி வழியாக அமைப்புகளை மீட்டமைக்கலாம். குரோமில் மீட்டமைத்தால் நீட்டிப்புகள் அணையும், குக்கிகள் அழியும், புக்மார்க்கும் கடவுச்சொல்லும் தங்கும். ஃபயர்பாக்ஸில் புத்துணர்வூட்டினால் நீட்டிப்புகள் நீங்கும், பழைய தரவின் நகல் ஒன்று மேசைத்திரையில் ஒரு கோப்புறையாக வைக்கப்படும்.

தமிழ் எழுத்து உடைகிறது

கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நின்றால், பக்கம் கேட்கும் எழுத்துரு கணினியில் இல்லை அல்லது சிதைந்திருக்கிறது. ஃபயர்பாக்ஸின் எழுத்துரு மேம்பட்ட அமைப்பில் தமிழுக்கென்று தனி வரியே இருக்கிறது. விண்டோஸில் நிர்மலா அல்லது லதா, லினக்ஸில் நோட்டோ தமிழ் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். பக்கம் முழுவதும் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தால் அது திஸ்கி, பாமினி போன்ற பழைய முறையில் எழுதப்பட்டது. எந்தப் புதுப்பிப்பும் அதற்குக் காரணம் இல்லை, எழுத்துரு மாற்றி வழியாக யூனிகோடுக்கு மாற்றித்தான் படிக்க வேண்டும். திரையில் சரியாக இருந்து அச்சில் மட்டும் உடைந்தால், கோப்பைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, பிடிஎஃப் வாசிப்பானின் அச்சு அமைப்பில் படமாக அச்சிடும் வசதியைத் தேர்வு செய்யுங்கள்.

கைப்பேசிச் செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொள்கின்றன

ஆண்ட்ராய்டில் பல செயலிகள் தங்களுக்குள் வலைப்பக்கத்தைக் காட்ட வெப்வியூ என்ற பொதுக் கூறைப் பயன்படுத்துகின்றன. 2021 மார்ச்சில் அந்தக் கூறின் கோளாறால் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் ஒரே நாளில் இப்படிச் செய்தால், பிளே ஸ்டோரில் குரோமையும் வெப்வியூவையும் புதுப்பியுங்கள்.

புதுப்பிப்பே வரவில்லை, அல்லது பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும்

2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் குரோம் தந்த கடைசிப் பதிப்பு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அவற்றில் குரோம் அங்கேயே நின்றுவிட்டிருக்கும். அவற்றுக்காகவே ஃபயர்பாக்ஸ் 115 என்ற நீடித்த ஆதரவுப் பதிப்பின் காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. கணினி வேறு வேலைக்கு ஆகாது என்றால் இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றுவது அதைவிட நல்லது. கைப்பேசியில் குரோம் 138க்குப் பிறகு ஆண்ட்ராய்டு 10க்கு முந்தைய கருவிகளுக்குப் புதிய பதிப்பு இல்லை.

திரும்பிப் போக விரும்புகிறவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது; இருந்தும் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் அடைக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளில் சில, தாக்குபவர்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தவை. பணம் புழங்கும் கணினியில் அவற்றைத் திறந்து வைப்பது ஆபத்து. தவிர, புதிய ஃபயர்பாக்ஸில் பயன்படுத்திய சுயவிவரத்தைப் பழைய ஃபயர்பாக்ஸ் ஏற்காது. அடிக்கடி முகம் மாறுவதுதான் தொல்லை என்றால், ஃபயர்பாக்ஸின் நீடித்த ஆதரவுப் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஓராண்டுக்குத் தோற்றம் மாறாமல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். மையங்களுக்கு இதுவே பொருத்தமானது என்பது என் கருத்து.

மேற்கண்ட எதிலும் அடங்காத கோளாறானால் அதை உருவாக்கியவர்களிடமே சொல்லுங்கள். குரோமில் ஆல்ட், ஷிஃப்ட், ஐ விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கருத்துப் படிவம் திறக்கும். ஃபயர்பாக்ஸின் உதவிப் பட்டியலில் பழுதான தளத்தைப் புகாரளிக்கும் வழி இருக்கிறது. ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் பயனில்லை. பதிப்பு எண், விண்டோஸ் அல்லது ஆண்ட்ராய்டின் எண், தளத்தின் முகவரி, நீங்கள் செய்த செயல்கள் வரிசையாக, திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து, நீட்டிப்புகள் இல்லாத நிலையில் என்ன நடந்தது என்பவற்றை எழுதுங்கள். திரைப்பிடிப்பை இணைத்தால் அதில் விண்ணப்பதாரரின் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் தெரியாதபடி மறைத்துவிட்டு அனுப்புங்கள்.